போகிக்குப் போடாத துணி

வா சௌந்தர்யா, உட்காரு. மூட்டை கதவோரமா இருக்கு பார். ரெண்டு பழைய சேலை, ஓட்டைப் போர்வை ஒண்ணு, வாசல் மிதியடி. நாளைக்குக் காலைல உங்க போகிக்கு அது போதும். நாற்காலி மேல கிடக்கே நீல ஸ்வெட்டர், அது அதுல சேர்த்தி இல்லை. அதைத் தொடாத. தொட்டா ஒண்ணும் ஆயிடாது, இருந்தாலும் தொடாத.

போன வருஷம் போகி அன்னைக்கு வாட்ச்மேனைக் கூட்டிக்கிட்டு வந்து என் கதவைத் தட்டினியே, ஞாபகம் இருக்கா? விடிஞ்சு மத்தியானம் ஆகியும் எல்லா ஜன்னல்லயும் திரை மூடிக் கிடக்குதுன்னு பயந்துட்டே. கிழவி போய்ச் சேர்ந்துட்டாளோன்னு நினைச்சிருப்பே. சொல்லு, பரவாயில்லை. எழுபத்தெட்டு வயசு, தனிக்கட்டை, நானா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். ஏன் ஆன்ட்டி மூடினீங்கன்னு கேட்டே. புகைன்னு சொன்னேன். நீயும் நம்பின மாதிரி தலையை ஆட்டிட்டுப் போனே. அது புகைக்கு இல்லை.

நான் படிச்சதுல கொஞ்சம் இங்கிலாந்துலன்னு உனக்குத் தெரியும்ல. எல்லாரும் அதைக் கேட்டதும் ஆகா ஓகோன்னுவாங்க. ஆகா ஓகோன்னு சொல்ல அங்க ஒண்ணும் இல்லை. எங்கப்பா டாக்டர். பாளையங்கோட்டையிலிருந்து ஐம்பத்து நாலுல போனார். அடுத்த வருஷம் செப்டம்பர்ல அம்மாவும் நானும் கப்பல்ல போய்ச் சேர்ந்தோம். எனக்கு ஒம்பது வயசு. மான்செஸ்டர் பக்கத்துல ஒரு பஞ்சாலை ஊர், பேர் சொன்னாலும் உனக்குத் தெரியாது. தெரு முழுக்க வீடுகள், தீப்பெட்டியை அடுக்கி வச்ச மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, எல்லாம் கரி பிடிச்சு ஒரே கறுப்பு. வெள்ளைக்காரன் ஊர் இவ்வளவு கறுப்பா இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை.

அப்பா ஆஸ்பத்திரியே கதின்னு கிடப்பார். அம்மா அழுதுக்கிட்டு இருப்பா. நான் மிகைப்படுத்திச் சொல்லலை. காலைல அடுப்புப் பத்த வைக்கும்போது ஆரம்பிச்சா, நான் ஸ்கூல்லேர்ந்து வரும்போதும் அழுதுக்கிட்டுத்தான் இருப்பா. ஊர்ல அவங்கம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க, போக வழியில்லை. அந்த வருஷம் எங்கம்மா என் முகத்தைச் சரியாப் பார்த்தாளான்னே எனக்குச் சந்தேகம். குறை சொல்லலை, உள்ளதைச் சொல்றேன்.

ஸ்கூல்ல டீச்சருக்கு என் பேர் வாயில நுழையலை. காந்திமதின்னு சொல்ல ரெண்டு நாள் முயற்சி பண்ணிட்டு, மூணாம் நாள் கேண்டின்னு வச்சுட்டா. மிட்டாய்னு அர்த்தம். பிள்ளைங்க என்னை நக்கிப் பார்க்கட்டுமான்னு கேட்கும். நீயே சொல்லு, நல்லாவா இருக்கு?

எதிர் வரிசையில ஒரு வீட்ல மிஸஸ் ஹாவர்த்னு ஒரு அம்மா. தனியா இருந்தா. புருஷன் எப்பவோ தவறிட்டார். அக்டோபர் முதல் வாரம், நான் பருத்தி ஃபிராக்கும் ஊர்லேர்ந்து கொண்டுபோன மெல்லிசு ஸ்வெட்டருமா நடுங்கிக்கிட்டுப் போறதை அந்தம்மா பார்த்திருக்கா. ஒருநாள் பழுப்புக் காகிதத்துல ஒரு பொட்டலம் கொண்டுவந்து அம்மா கையில குடுத்துட்டு, நின்னு பேசாமப் போயிட்டா. பிரிச்சா ஒரு கோட்டு. கருநீலம், கனமான கம்பளி, பொத்தானுக்குப் பதிலா மரக்கட்டை, பின்னால தலைக்குப் போட்டுக்கற தொப்பி. அம்மா அதுக்குப் பதில் மரியாதையா ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கு பஜ்ஜி குடுத்துவிட்டா. மறுநாள் தட்டு கழுவித் துடைச்சு வெறுமையா வந்தது. "வெறுந்தட்டைத் திருப்பித் தர்றாளே, என்ன சனமோ"ன்னு அம்மா ஒரு வாரம் சொல்லிக்கிட்டிருந்தா.

அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போன முதல் நாள்தான் கவனிச்சேன். எட்டரை மணிக்கு அந்தம்மா ஜன்னல்ல நிக்கறா. நான் தெருமுனை திரும்பறவரைக்கும் நிக்கறா. சாயங்காலம் நாலு மணிக்கு வர்றேன், அப்பவும் நிக்கறா. தினமும். மழை பெஞ்சா கண்ணாடியைக் கையால துடைச்சுக்கிட்டு நிப்பா. என் முகத்தைப் பார்க்கலை, அது எனக்கே தெரிஞ்சது. நான் தாண்டிப் போனப்புறம்தான் பார்ப்பா. என் முதுகைப் பார்ப்பா.

ரெண்டாவது வாரம் ஒருநாள், நாலு மணி இருக்கும், மழைக்குத் தொப்பியைத் தலை மேல இழுத்து விட்டுக்கிட்டு வர்றேன். கதவு திறந்தது. "ஆலன், டீ ஆறுது, உள்ளே வா" அப்படின்னா. தெருவுல வேற யாரும் இல்லை.

நான் போனேன்.

ஏன் போனேன்னு கேட்காத. பசி. அவ்வளவுதான். அடுப்புல கரி நல்லாக் கணகணன்னு எரியுது. அடுப்பைப் பார்த்து ஒரு சின்ன முக்காலி. அதுல உட்காரச் சொன்னா. நான் கோட்டைக் கழட்டப் போனேன். "அப்படியே இருக்கட்டும்"னா. பின்னால மேசைகிட்ட அவ உட்கார்ந்துக்கிட்டா. ரொட்டியில வெண்ணெய் தடவி அது மேல பாகு ஊத்தித் தந்தா. நான் அடுப்பைப் பார்த்துத் தின்னேன், அவ என் முதுகைப் பார்த்துக்கிட்டு டீ குடிச்சா. பேச்சே இல்லை. முடிஞ்சதும் எழுந்து வந்துட்டேன். அடுத்த நாளும் கதவு திறந்தது. அடுத்த நாளும்.

பயமா இருந்ததான்னா, இருந்தது. ஆனா சந்தோஷமாவும் இருந்தது சௌந்தர்யா. அதை மறைக்க மாட்டேன். அந்த ஊர்லயே என்னை எதிர்பார்த்துக்கிட்டு ஒருத்தர் இருந்தாங்கன்னா அந்த நாலு மணிக்குத்தான். வேற பேரைச் சொல்லிக் கூப்பிட்டா என்ன, மிட்டாய்க்கு ஆலன் தேவலை. கோட்டுக் காலர் உள்பக்கம் துணிநாடாவுல அந்தப் பேரை நூலால தச்சிருந்தது, முதல் நாளே படிச்சுட்டேன். பையில கயிறு கோத்த ஒரு காட்டுக்கொட்டை கிடந்தது. அங்க பையன்கள் அதை ஒண்ணோட ஒண்ணு மோத விட்டு விளையாடுவாங்க. ஸ்கூல்ல உட்கார்ந்து பைக்குள்ள கையை விட்டு அதைத் தடவிக்கிட்டே இருப்பேன்.

அப்புறம் மாரீன் சொன்னா. மாரீன் பக்கத்து வீட்டுப் பொண்ணு, என் வயசு, எனக்கு இருந்த ஒரே சினேகிதி. ஆலன் அந்தம்மாவோட ஒரே பையன், பத்து வயசு, போன பிப்ரவரியில செத்துட்டான்னா. வாய்க்கால் உறைஞ்சு கிடந்திருக்கு, பையன்களோட சறுக்கி விளையாடப் போயிருக்கான், பனி உடைஞ்சு உள்ளே போயிட்டான். அன்னைக்கு வீட்டை விட்டு ஓடும்போது கோட்டுப் போட்டுக்கலையாம். அந்தம்மா இந்தக் கோட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு வாசப்படியில நின்னு, குளிருமே, கோட்டைப் போட்டுக்கிட்டுப் போடான்னு கத்தியிருக்கா. தெரு முழுக்கக் கேட்டுதாம். அவன் திரும்பிப் பார்க்கலை.

அந்தத் தெருவுல ஒரு பழக்கம். பகல்ல ஒரு வீட்ல திரை மூடிக் கிடந்தா அங்க சாவுன்னு அர்த்தம். தாண்டிப் போற ஆம்பிளைங்க தொப்பியைக் கழட்டிட்டுப் போவாங்க. ஆலன் செத்தப்போ தெரு முழுக்க மூடினாங்களாம். எல்லாரும் ஒரு நாள்ல திறந்துட்டாங்க, அந்தம்மா எட்டு மாசம் திறக்கலை. "உனக்குக் கோட்டுக் குடுத்த அன்னைக்குத்தான் திறந்தா"ன்னு மாரீன் சொன்னா.

இதைக் கேட்டும் நான் போய்க்கிட்டுத்தான் இருந்தேன். இன்னும் ஒரு வாரம் போனேன்.

அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்தது. ரெண்டு நாள் நல்ல காய்ச்சல். அம்மா பக்கத்துல உட்கார்ந்திருந்தா, அழாம, என் நெத்தியில கையை வச்சுக்கிட்டு. அந்த இதத்துல வாய் தவறிச் சொல்லிட்டேன், அது செத்துப்போன பையன் கோட்டும்மான்னு. அவ்வளவுதான். மிளகாயும் உப்பும் சுத்தி அடுப்புல போட்டா. நம்ம ஊர் அடுப்பா அது? வீடு பூரா நெடி. அப்பா இருமிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மறுநாளே எனக்குச் சிவப்புல ஒரு புதுக் கோட்டு வந்தது.

பழைய கோட்டை என்ன செய்யறது? திருப்பிக் குடுத்தா குடுத்தவங்க மனசு புண்படும். குப்பைத் தொட்டியில போட்டா தெரு பார்க்கும். அம்மா யோசிச்சா. அப்போ நவம்பர் அஞ்சு வருது. அந்தக் காலத்துல எவனோ அவங்க பார்லிமென்ட்டுக்கு வெடி வைக்கப் பார்த்தானாம், அதனால வருஷா வருஷம் அன்னைக்கு ஒரு பொம்மை செஞ்சு விறகுக் குவியல் மேல உட்கார வச்சு எரிப்பாங்க. நம்ம போகியும் சூரசம்ஹாரமும் ஒண்ணாச் சேர்ந்த மாதிரின்னு வச்சுக்கயேன். தெருமுனை காலி மனையில உடைஞ்ச நாற்காலி, மெத்தைன்னு ஒரு வாரமாக் குவிச்சுக்கிட்டிருந்தாங்க. அம்மாவுக்கு அது சாமியே வழி காட்டின மாதிரி இருந்தது. செத்தவங்க துணி அக்கினிக்குப் போறதுதான் முறை, அந்தப் பிள்ளைக்கும் அதுதான் நல்லதுன்னா. அவ கெட்ட எண்ணத்துல சொல்லலை. கோட்டுப் பைக்குள்ள அந்தக் கொட்டையோட ஒரு சிட்டிகை திருநீறும் போட்டா. குடுத்துட்டு வான்னு என் கையில தந்தா. நான் அம்மா சொன்னதைத்தான் செஞ்சேன். ஒம்பது வயசுப் பிள்ளை வேற என்ன செய்யும்?

மாரீன் அந்த வருஷப் பொம்மைக்குச் சாக்குல வைக்கோல் அடைச்சு வச்சிருந்தா, மாட்டிவிடத் துணி கிடைக்கலை. கோட்டு வந்தது, பொம்மைக்கு மாட்டிட்டா. அப்படித்தான் ஆச்சு.

நில்லு. ஒண்ணு விட்டுட்டேன்.

சிவப்புக் கோட்டுல ஸ்கூலுக்குப் போனேன்ல, அது புதன்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு வர்றேன், ஜன்னல்ல அந்தம்மா இல்லை. கதவும் திறக்கலை. நானாப் போய்த் தட்டினேன். அதுக்கு முன்னாடி ஒருநாளும் நான் தட்டினது கிடையாது. திறந்தா. பார்த்தா. முதல் தடவையா என் முகத்தைப் பார்த்தா. "என்ன கண்ணு, யாரைப் பார்க்கணும்?" அப்படின்னு கேட்டா. நான் சிவப்புக் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கிட்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்னுட்டு, மெதுவாக் கதவைச் சாத்திட்டா. உள்ளேயிருந்து ரொட்டி வாசனை வந்தது.

மூணு வாரம் அவ வீட்ல தின்னிருக்கேன். யாரைப் பார்க்கணுமாம்.

அடுத்த ரெண்டு நாளும் பின்பக்கச் சந்து வழியா வீட்டுக்கு வந்தேன். நான் அந்தம்மா ஜன்னல் பக்கமே போகலை. இருந்தா இருக்கட்டும், இல்லாட்டிப் போகட்டும்னு.

சனிக்கிழமை. அஞ்சரை மணிக்கே அங்க இருட்டிடும். தெரு முழுக்கக் காலி மனைக்கு வந்தாச்சு. அம்மா வரலை. சிவப்புக் கோட்டுல புகை ஏறிடும்னு அதைக் கழட்டி வச்சுட்டு வெறும் ஃபிராக்கோட ஓடினேன். மாரீனோட அப்பா பொம்மையைத் தூக்கி உச்சியில உட்கார வச்சார், இருட்டுல யாருக்கும் அது என்ன கோட்டுன்னு தெரியலை. நெருப்பு வச்சாங்க. கீழே காகிதம் பிடிச்சு, மெத்தை பிடிச்சு, சட்டுனு வெளிச்சம் வந்தது.

அப்பத்தான் அந்தம்மா வந்தா. மகன் போனப்புறம் இப்படி நாலு பேர் கூடற இடத்துக்கு வந்தது அன்னைக்குத்தானாம். கையில ஒரு தட்டு, தெருப் பிள்ளைங்களுக்குக் கறுப்பு டாஃபி செஞ்சு கொண்டுவந்திருக்கா. வந்தவ மேலே பார்த்தா. தலையில தொப்பி போட்டுக்கிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, நெருப்பைப் பார்த்து உட்கார்ந்திருக்கான்.

முதுகு அவ வீட்டுப் பக்கம் இருக்கணும்னு மாரீனோட அப்பாகிட்ட நான்தான் சொன்னேன்.

பார்க்காத அப்படி. சொல்லிடறேன், இத்தனை வருஷத்துல யாருக்கும் சொன்னதில்லை. காகிதத்துல சுத்தி விறகுக்கு அடியில வச்சுடு, ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாதுன்னுதான் அம்மா சொல்லியிருந்தா. மாரீன் வேண்டாம்னா. இது ஆலனோடது, வேண்டாம் கேண்டி, வேண்டாம்னு அழுதா. அந்த மரக்கட்டைப் பொத்தானெல்லாம் நான்தான் போட்டேன். தொப்பியை நான்தான் தலை மேல இழுத்து விட்டேன், அவ ஜன்னல்லேர்ந்து பார்க்கறப்போ எப்படி இருக்குமோ அப்படி. அவ பார்க்கணும்னுதான் செஞ்சேன். வயசு ஒம்பதுன்னா ஒண்ணும் தெரியாதுன்னு இல்லை. எனக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தது.

யாரோ ஒரு கழியை எடுத்துக்கிட்டு ஓடி அதைத் தட்டிவிடப் பார்த்தாங்க, கிட்டப் போக முடியலை. கம்பளி எரியற நாத்தம் எப்படி இருக்கும் தெரியுமா, மயிர் பொசுங்கற மாதிரி இருக்கும். அந்தம்மா கத்துவான்னு பார்த்தேன். என் கன்னத்துல அறைவான்னு பார்த்தேன், உண்மையைச் சொன்னா அதுக்காகத்தான் ஓடாம நின்னேன். அறைஞ்சிருந்தா நான் இந்நேரம் மறந்திருப்பேன். சின்ன வயசுல அடி வாங்காதது யாரு?

தட்டைப் பக்கத்துல இருந்தவங்க கையில குடுத்தா. என்கிட்ட வந்தா. நான் ஃபிராக்கோட நடுங்கிக்கிட்டு நிக்கறேன். குனிஞ்சு என் முகத்தைப் பார்த்து, "காந்திமதி, கோட்டில்லாமலா வந்தே, குளிருமே" அப்படின்னா.

அவ போட்டிருந்த நீல ஸ்வெட்டரைக் கழட்டினா. எனக்குப் போட்டுவிட்டா. என் முழங்காலுக்குக் கீழே தொங்குது. கீழேருந்து மேல வரைக்கும் ஒவ்வொரு பொத்தானா அவளே போட்டா. போட்டு முடிச்சுட்டு வீட்டைப் பார்க்கப் போயிட்டா.

மறுநாள் காலைல அந்த ஜன்னல்ல திரை மூடியிருந்தது. திங்கக்கிழமையும் மூடியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி அப்பாவுக்கு வேற ஊர் ஆஸ்பத்திரி கிடைச்சு நாங்க கிளம்பற வரைக்கும் திறக்கலை. அம்மா ஸ்வெட்டரைத் துவைச்சு மடிச்சு, குடுத்துட்டு வாட்டின்னு அனுப்பினா. மூணு தடவை அந்த வாசப்படி வரைக்கும் போனேன். தட்டினா "யாரைப் பார்க்கணும்"னு கேட்டுடுவாளோன்னு இருந்தது. குடுத்துட்டேன்னு அம்மாகிட்டப் பொய் சொல்லிட்டு டிரங்குப் பெட்டி அடியில ஒளிச்சு வச்சேன். அந்தக் குளிர்காலம் அந்தம்மா வேற எதைப் போட்டுக்கிட்டான்னு எனக்குத் தெரியாது. நான் எதையும் சேர்த்து வைக்கற ஆள் இல்லை, என் வீட்டைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். இது மட்டும் எப்படியோ கூடவே வந்துடுச்சு.

ஒரு விஷயம் எனக்குப் புரியாம இருந்தது. என் பேர் அவளுக்கு எப்படித் தெரியும்? தெரு முழுக்க நான் கேண்டிதான். அந்த டீச்சருக்கு நான் ஸ்கூலை விட்ட நாள் வரைக்கும் வரலை. இவ முழுசா, ஒரு எழுத்துக் குறையாம, நம்ம நெல்லையப்பர் கோயில் வாசல்ல பூ விக்கறவ சொல்ற மாதிரி சொன்னாளே. பதினஞ்சு வருஷம் அது தெரியலை.

எழுபதுல என் கல்யாணம். பந்தியில எங்கப்பா மாப்பிள்ளை வீட்டாருக்கு இங்கிலாந்துக் கதை சொல்லிக்கிட்டிருந்தார், வேடிக்கையா. இவ பேரு வெள்ளைக்காரங்களைப் படுத்தின பாடு இருக்கேன்னு ஆரம்பிச்சார். ஒருநாள் காலைல பஸ் ஸ்டாப்புல எதிர் வீட்டு அம்மா வந்து, டாக்டர், உங்க பொண்ணோட முழுப் பேர் என்னன்னு கேட்டாளாம். முந்தின நாள் அவ வந்தா, பாவம், யாருன்னு தெரியாத மாதிரி நான் அனுப்பிட்டேன், இனிமே அவ பேரைச் சொல்லியே டீக்குக் கூப்பிடணும்னாளாம். பஸ் வர்ற வரைக்கும் அப்பாகிட்டச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாளாம். காந்திமதி, காந்திமதின்னு, கியூவுல நின்னவங்கல்லாம் சிரிச்சாங்களாம். மாப்பிள்ளை வீட்டாரும் சிரிச்சாங்க. நான் இலையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா எனக்கு அதை அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாம், வேலை மும்முரத்துல மறந்துட்டார். அவரைக் குத்தம் சொல்லி என்ன ஆகப் போகுது.

புதன்கிழமை கதவைச் சாத்தினா. வியாழக்கிழமை காலைல பேரைக் கேட்டுக்கிட்டா. வியாழன் நாலு மணிக்கும் வெள்ளி நாலு மணிக்கும் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னிருப்பா. நான் சந்து வழியாப் போயிட்டேன்.

சரி, மூட்டையைத் தூக்கு. நாளைக்கு நெருப்பு வைக்கும்போது என்னைக் கீழே கூப்பிடாத. மத்தியானம் வரைக்கும் மூடித்தான் இருக்கும், பயந்து வாட்ச்மேனைக் கூட்டிட்டு வராத. போறப்போ அந்தத் திரையை மட்டும் இழுத்து விட்டுட்டுப் போ. இந்த வருஷம் எனக்குக் கை எட்டலை.